இறக்கி வைக்க ஓரிடம்

செவ்வாய்க்கிழமை காலையில் அருந்தவன் கண்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஓவியத்தின் கீழே வைத்திருந்த இரண்டு ஃபோம் கட்டைகளும் நசுங்கிக் கிடந்தன.

அவை அப்படி நசுங்குகிற கட்டைகள் அல்ல. செங்கல் அளவு, செங்கல் கனம் இல்லாதவை. நூறு கிலோ ஏற்றினாலும் விரல் நகமளவு அமிழ்ந்து, எடுத்ததும் திரும்ப உப்பிவிடும். இந்த ஓவியம் சட்டத்தோடு முப்பத்துநான்கு கிலோ. அதன் மூலையில் மஞ்சள் அட்டை தொங்கியது: தனியாகத் தூக்கக் கூடாது, இரண்டு பேர் வேண்டும். திங்கள் மாலை அவனும் கூட வேலைசெய்யும் செந்தூரனும் சேர்ந்துதான் அதைத் தூக்கி வைத்தார்கள். அதன் பிறகு செந்தூரன் மனைவிக்குப் பிள்ளைப்பேறு என்று ஒரு வாரம் விடுப்பில் போய்விட்டான். இப்போது கட்டைகள் ரொட்டி போலத் தட்டையாகியிருந்தன. சட்டத்தின் கீழ் விளிம்பு ஏறக்குறைய நிலத்தைத் தொட்டது.

அவன் புதிய கட்டைகள் இரண்டைச் சொருகிவிட்டுப் பதிவேட்டில் ஒன்றும் எழுதாமல் விட்டான். என்னவென்று எழுதுவது?

நகரின் விளிம்பில், செவன் ஹில்ஸில், டயர்க் கடைக்கும் தளபாடக் கிடங்குக்கும் இடையில் பெயர்ப் பலகை இல்லாமல் நிற்கும் அந்தக் கட்டடத்துக்குள் ஓவியங்கள் தூங்குகின்றன. கலைக்கூடங்களும் பணக்காரர்களும் இடமில்லாமல் அனுப்பி வைப்பவை. ஜன்னல் கிடையாது. கோடையிலும் குளிரிலும் இருபது பாகை. ஒன்றன் பின் ஒன்றாக எட்டு அறைகள், இடையில் கதவில்லாத அகன்ற வாசல்கள். முதலாம் அறையிலிருந்து பார்த்தால் எட்டாம் அறையின் சுவர் வரை தெரியும், விளக்கு எரிந்தால். விளக்குகள் ஆளின் அசைவுக்கு எரிபவை. ஆறு நிமிடம் அசையாமல் நின்றால் அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது அடிக்கடி கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். "நாங்கள் உயிரோட இருக்கிறம் எண்டு இவருக்கு அடிக்கடி காட்டோணும்" என்று செந்தூரன் விளக்கைப் பார்த்துக் கும்பிடுவான். அவன் இல்லாத இந்த வாரத்தில் அருந்தவன் தனியே கையை ஆட்டினான். யாருக்கோ விடை கொடுப்பது போல இருந்தது.

எட்டாம் அறையில் இருந்தது அந்த ஓவியம். நாலடி உயரம், ஏழடி அகலம். நூற்றிருபத்தைந்து வருடங்களுக்கு முன் வட ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வரைந்தது. வரைந்தவன் பெயர் அழிந்துவிட்டது. அந்தி. கால்வாயோரச் சேற்று வழி. பதினொரு ஆண்கள் முதுகில் மூட்டைகளோடு ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். வானம் மிகவும் தாழ்ந்து, மூட்டைகளின் மேல் அதுவும் ஏறி உட்கார்ந்திருந்தது. முகம் ஒருவருக்கும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழியின் நிறத்திலேயே ஒரு தூரிகை இழுப்பு.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அது லொறி ஏறி மெல்போர்ன் போக வேண்டும். அதற்குமுன் அவன் அதன் நிலையை முன்னும் பின்னும் பார்த்து எழுதி, பெட்டியில் வைத்து மூடித் திருகாணி முடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி ரஞ்சினியும் மகள் வினுஷாவும் ஊரிலிருந்து வந்து இறங்குகிறார்கள். பதின்மூன்று வருடம். அவன் படகேறியபோது ரஞ்சினி ஐந்து மாதக் கர்ப்பிணி. மகளை அவன் தொட்டதில்லை.

அதனால் அவன் கட்டைகளைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

புதன்கிழமை மதியம் மிருணாளினி வந்தாள். சென்னைப் பெண், முப்பது வயதிருக்கும். மெல்போர்ன் கண்காட்சியைத் தொகுப்பவள். அந்தக் காலத்து ஓவியங்களில் உடலுழைப்பு எப்படி வந்தது என்பதுதான் அவளுடைய ஆய்வு. புதிதாக வைத்த கட்டைகளும் அன்று காலை நசுங்கியிருந்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை.

"அண்ணா, கையை ஆட்டுங்க, லைட்டு போயிடும்."

"ஓம்."

"நீங்க ஆமாங்கறதுக்கு 'ஓம்'னு சொல்றப்பல்லாம் ஏதோ கோயில்ல நிக்கற மாதிரி இருக்கு எனக்கு."

"கோயில் இவ்வளவு குளிராது, பிள்ளை."

அவள் சிரித்தாள். அந்த அறையில் சிரிப்பு சுவர் வரை போய்த் திரும்பவில்லை. நடுவில் எதிலோ பட்டு நின்றது போலிருந்தது.

அவள் சொன்னபடி அவன் டோர்ச்சை ஓவியத்தின் பக்கவாட்டில் ஒட்டப் பிடித்தான். அப்படிப் பிடித்தால் நிறம் மறைந்து மேடு பள்ளம் மட்டும் தெரியும். நான்காவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவே, வழியோரத்தில், பழுப்பு நிறத்தின் அடியிலிருந்து ஒரு உருவம் எழுந்தது. நிமிர்ந்த இரண்டு தூண்கள். அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக் கல்.

"அட, மேல அடிச்சு மறைச்சிருக்கான். என்ன இது, வாசலா?"

அருந்தவன் டோர்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

"சுமைதாங்கி."

"அங்கெல்லாம் ஏதுண்ணா?"

"எங்கயெண்டாலும் பாரம் சுமக்கிறவனுக்கு ஒரு கல் வேணும்தானே. தோள் உயரத்தில. குனியாமல் இறக்கி வைக்க."

மிருணாளினி குனிந்து தூண்களின் விளிம்பைப் பார்த்தாள். "அப்போ வேணும்னேதான் மறைச்சிருக்கான்," என்றாள். "அந்தக் காலத்துல உழைக்கிறவனை ரெண்டு விதமா வரைஞ்சாங்க. சில பேர் அவனோட கிழிஞ்ச சட்டை, காய்ப்பு காய்ச்ச கை, பசி எல்லாத்தையும் போடுவாங்க. இதை வரைஞ்சவன் வேற கூட்டம். இவங்களுக்கு ஆளே வேண்டாம், அதான் மூஞ்சியைத் தொடைச்சிடுவாங்க. பாரம்தான் வேணும். இறக்கி வைக்க ஒரு இடம் இருந்தா இது வெறும் சாயங்காலம். அதை எடுத்துட்டா விதி ஆயிடும்."

"ஆள் இல்லாமல் பாரம் எப்பிடி நிக்கும், பிள்ளை?"

அதற்கு அவள் சிரிக்கவில்லை.

"அப்ப இந்தச் சனம் நூற்றி இருபத்தஞ்சு வரியமா இறக்காமல் நிக்குது," என்றான் அவன்.

போகும் முன் அவள் அறையின் ஈரப்பதக் கருவியை எடுத்துப் பார்த்தாள். மூன்று நாளும் பகலில் ஒரே நேர்கோடு. மாலை ஐந்துக்குமேல் மட்டும் மெல்ல ஏறி, விடியும்வரை இறங்காமல் நின்றது.

"ஈவினிங் இங்க ஆளுங்க இருப்பாங்களா?"

"அஞ்சு மணிக்கு நான் பூட்டிப்போட்டுப் போயிடுவன்."

"இல்ல, கண்காட்சி திறக்கிற அன்னிக்குத்தான் இப்படி ஏறும். ரூம் நிறைய ஆளுங்க நின்னு மூச்சு விட்டா." அவள் கருவியைத் தட்டிப் பார்த்தாள். "ரிப்பேர் போல."

அவள் போன பிறகு, அவளுடைய வாசனைத் தைலம் கரைந்த இடத்தில் வேறொரு வாசனை இருந்தது. நனைந்த சணல் சாக்கு. அதன் அடியில், பழைய, காய்ந்து திரும்பவும் நனைந்த வியர்வை.

அருந்தவனின் தாய் இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. வயிற்றில் பிள்ளையோடு போனவள். பெற முடியாத பாரத்தோடு போனவளுக்காகப் புத்தூர் வீதியோரம் ஒரு சுமைதாங்கி கட்டினார்கள். மற்றவர்கள் அதில் பாரம் இறக்கி ஆற ஆற அவளுடைய பாரம் குறையும் என்பது கணக்கு. அதை யாரும் அவனுக்கு விளங்கச் சொல்லவில்லை. "இது கொம்மாவின்ர கல்" என்று மட்டும் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் விறகுக்காரன் சுமையை அதில் சாய்ப்பான். மரக்கறிக்காரி ஓலைக் கடகத்தை வைப்பாள். வைத்துவிட்டு எல்லோரும் ஒரேமாதிரி ஒரு பெருமூச்சு விடுவார்கள்: அப்பாடா. யாரென்று தெரியாதவர்கள் எல்லாம் வந்து அம்மாவின் தோளில் பாரத்தை வைக்கிறார்கள் என்றே அவன் நினைத்தான். ஒருநாள் ஓடிப்போய் ஒரு கடகத்தைத் தள்ளிவிட்டான். கத்தரிக்காய்கள் வீதியெல்லாம் உருண்டன. யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அன்றிரவு தொலைபேசித் திரையில் வினுஷா கேட்டாள்: "அப்பா, உங்கட உயரம் எவ்வளவு?"

"ஏன் கேக்கிறாய்?"

"நீங்கள் எனக்குத் தோள் வரைக்கும்தானே தெரியுறனீங்கள். அதுக்குக் கீழ எவ்வளவு மிச்சம் இருக்கெண்டு தெரியாது."

பின்னால் ரஞ்சினி சிரித்தாள். "எயார்போட்டில வந்து அளந்து பார், போ."

"நான் தோளில ஏறலாமோ? கனமெண்டால் வேண்டாம்."

"என்ன கனம்," என்றான் அருந்தவன். "ஏறு. உனக்கெண்டு வச்ச தோள்தானே."

வியாழக்கிழமை மாலை நான்கு மணி. பின்பக்கத்தின் நிலையைப் பார்த்து எழுதாமல் விட்டால் வெள்ளியன்று நேரம் போதாது. ஓவியத்தைத் திருப்ப வேண்டும். மஞ்சள் அட்டையைப் பார்த்தான். அலுவலகத்துக்கு அழைத்தான். நாளை மதியம் ஒரு தற்காலிக ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள். நாளை மதியம் வந்து என்ன பயன்? வன்னியில் அவன் சீமெந்து மூட்டை தூக்கியவன். இங்கே வந்த பிறகு ஏழு வருடம் கோழித் தொழிற்சாலையின் குளிரறையில் பெட்டி தூக்கியவன். முப்பத்துநான்கு கிலோ.

கையுறைகளை மாட்டி, குந்தியிருந்து, சட்டத்தைச் சற்றுச் சாய்த்து வலது தோளை அதன் அடியில் கொடுத்து நிமிர்ந்தான்.

அது முப்பத்துநான்கு கிலோ அல்ல.

சட்டத்தை மேலே கொண்டுபோகவும் முடியவில்லை, கீழே விடவும் முடியவில்லை. முகம் ஓவியத் துணிக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில், நான்காவது ஆளின் இடுப்பருகே இருந்தது. அங்கிருந்து பார்க்கையில் அது மனிதனாகத் தெரியவில்லை. தூரிகை இழுத்த தடிப்பான பழுப்பு வரிகள், ஆணி கீறியது போல ஒரு விளிம்பு, அதற்குமேல் மூட்டையின் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலிலிருந்து சணல் வாசனை. வாசனையோடு சூடு. சூட்டோடு ஒரு ஒலி. மூக்கால் இழுத்து, பல்லிடுக்கால் விட்டு, மறுபடியும் இழுத்து. தன்னுடைய மூச்சென்றுதான் முதலில் நினைத்தான். தன் மூச்சைப் பிடித்துப் பார்த்தான்.

ஒலி நிற்கவில்லை.

ஒன்றல்ல. பல.

அப்போது அவன் வாய் பேசியது. அவனுடைய ஊரில் வழியில் பாரத்தோடு வருகிறவனைக் கண்டால் எவர் வாயும் தானாகச் சொல்வதைத்தான் சொன்னது. வேண்டுதலும் இல்லை, பகிடியும் இல்லை. நாக்குப் பழக்கம்.

"இறக்கி வையுங்கோ. கொஞ்சம் ஆறிப்போட்டுப் போகலாம்."

சட்டம் சட்டென்று இலேசாகியது. விழப் பார்த்தான். ஒரு கையால் பிடித்து, திருப்பி, கட்டைகளின் மேல் வைத்தான். நசுங்கியிருந்த கட்டைகள் மெல்ல, ஈரத்தில் ஊறிய பாண் துண்டு போல, உப்பி எழுந்தன. மூச்சொலி இல்லை.

தோளில் மட்டும் ஏதோ இருந்தது. வலி அல்ல. சட்டத்தைக் கீழே வைத்துவிட்டான். ஆனாலும் தோள் இன்னும் வைக்கவில்லை.

டூங்கபியில், வீட்டுக்காரர் விக்னராஜாவின் பின்வளவில் அவனுக்கு ஒற்றை அறை. கட்டிலுக்கு எதிரே புதிதாக வாங்கிய இன்னொரு கட்டில், அதன்மேல் இன்னும் பிளாஸ்டிக் உறை. விக்னராஜா அண்ணை சமையலறை ஜன்னலிலிருந்து கத்தினார்: "தம்பி, ஞாயிறு விடிய அஞ்சரைக்கு வெளிக்கிடுவம். நித்திரை கொண்டு போயிடாதை!" அருந்தவன் கையைத் தூக்கிக் காட்ட நினைத்தான். வலக்கை பாதிக்கு மேல் எழவில்லை.

"என்னப்பா, ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கிறியள்?" என்றாள் ரஞ்சினி திரையில்.

"ஒண்டுமில்லை. வேலைக் களைப்பு."

"நாளையோட விட்டிட்டு ரெண்டு நாள் ஆறுங்கோ."

சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தான். தோளிலிருந்து முதுகுவரை தோல் சிவந்து, குறுக்கும் நெடுக்குமாய்ச் சின்னச் சின்னக் கட்டங்கள் பதிந்திருந்தன. சணலின் பின்னல். கட்டிலில் படுத்தபோது வலது பக்கம் மட்டும் மெத்தை பள்ளமாய் இறங்கியது.

போகாமல் விட்டிருக்கலாம். விடியும்வரை அதைத்தான் யோசித்தான். ஆனால் பெட்டியை மூடாமல் விட்டால் லொறி அதை ஏற்றாது. ஏற்றாவிட்டால் திங்களும் அது அங்கேயே இருக்கும். மூடி முடுக்கி அனுப்பிவிட்டால், எண்ணூறு கிலோமீற்றருக்கு அப்பால், அதுவும் அதில் இருப்பதும் வேறு யாருடைய பாடோ.

வெள்ளிக்கிழமை மதியம் வர வேண்டிய தற்காலிக ஆள் வரவில்லை. மூன்றரை மணிவரை காத்திருந்தான். பெட்டியைத் திறந்து தயாராக வைத்துவிட்டு, எட்டாம் அறையில் ஓவியத்தை முன்பக்கம் திருப்பினான். ஒரு கையால் முடிந்தது. வெறும் சட்டத்தின் கனம்கூட இல்லை.

நான்காவது ஆள் நின்றுவிட்டிருந்தான்.

முதுகில் மூட்டை இல்லை. முதுகு நேராகவில்லை, அத்தனை காலம் வளைந்த முதுகு நேராகாது, ஆனால் நிமிரப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் இல்லாத முகத்தை வெளிப்பக்கம் திருப்பியிருந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தைத் தொலைபேசியில் பார்த்தான். அதில் எல்லோருக்கும் ஒரு கால் தூக்கியிருந்தது. இப்போது இரண்டு பாதங்களும் சேற்றில். ஒதுங்கி, வரிசையாக. நின்றார்கள்.

கடையில் முறைக்கு நிற்கிறவர்களைப் போல.

வழியோரத்தில் மறைத்திருந்த கல்லைத் தேடி டோர்ச்சைப் பிடித்தான். மேடு இல்லை. தூண் இல்லை. அந்த இடம் வழுவழுப்பாக, வெறும் வழியாக இருந்தது.

தொலைபேசியை மேசையில் வைத்தான். மூடியை எடுக்கக் குனிந்தான்.

இடது தோளில் இறங்கியது.

மெதுவாகத்தான். எறியவில்லை. கவனமாக, மரியாதையாக, நன்றியோடு வைத்தது போல. வலத்தில் ஏற்கெனவே இருந்தது. பிறகு இரண்டு தோளுக்கும் குறுக்கே, கழுத்துக்குப் பின்னால், நீளமாய், கல்லாய்க் குளிர்ந்து ஒன்று வந்து படிந்தது.

பாதி குனிந்தவன் நேராக நிமிர்த்தப்பட்டான். முழங்கால் மடியவில்லை. கை எழவில்லை. வாய் திறந்தது, உள்ளே காற்று வந்தது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் அசைந்தது.

எதிரே ஓவியம். வலப்பக்கம் ஏழு வாசல்களும் தூரத்து வாயிற்கதவும்.

ஆறு நிமிடம்.

ஒவ்வொரு நிமிடத்தையும் அவன் அறிந்தான். கையை ஆட்ட வேண்டும். விரலையாவது. இமையடித்துப் பார்த்தான். இமை போதவில்லை.

விளக்கு அணைந்தது.

இருட்டில் வெகுநேரம். கட்டடத்துக்கு வெளியே லொறி பின்னால் வரும் ஒலி. லொறிக்காரன் கதவைத் தட்டினான். "ஹலோ?" கதவின் சிறிய கண்ணாடியில் ஒரு கை நிழல், கண்ணருகே குவித்தபடி. உள்ளே பார்க்கிறான். உள்ளே இருட்டு. இருட்டென்றால் ஆளில்லை. இன்னொருமுறை தட்டினான். பிறகு லொறி போகும் ஒலி, டயர்க் கடையைத் தாண்டி, வீதியில் கரைந்தது.

மேசையில் தொலைபேசி வெளிச்சமாகியது. வினுஷா. அவர்கள் கொழும்புக்கு வெளிக்கிடும் நேரம். அது மேசையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்தது. அந்தச் சின்ன நீல வெளிச்சத்தில் ஓவியம் தெரிந்தது.

கால்வாய். தாழ்ந்த வானம். வழி.

வழியில் ஒருவரும் இல்லை.

தொலைபேசி நின்றது.

பிறகு, தூரத்தில், முதலாம் அறையின் விளக்கு எரிந்தது.

வெறும் அறை. வெறும் தரை.

இரண்டாம் அறை.

மூன்றாம் அறை.

அவசரமில்லை. பாரத்தோடு வருகிறவர்களுக்கு அவசரம் இல்லை. நான்கு. ஐந்து. சணல் வாசனை. ஈரச் சேறு. மூக்கால் இழுத்துப் பல்லிடுக்கால் விடும் மூச்சு. ஆறு. ஏழு.

அவன் தலைக்குமேல் விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை. தோளில் ஒன்று இறங்கியது. காதருகே, எந்த மொழியும் தேவையில்லாத, அவனுக்கு ஆறு வயதிலிருந்தே தெரிந்த ஒரு பெருமூச்சு.

அப்பாடா.

அடுத்தது. அப்பாடா. அடுத்தது. அவன் எண்ணினான், எண்ண மட்டும் முடிந்தது. முன்னே இறங்கிய இரண்டோடு பதினொன்று. பாதத்தின் கீழே தரை மெல்ல விரிசல்விட்டது. எலும்பு இனி எலும்பாக இல்லை. வலியும் இல்லை. தோள் உயரம் மட்டும் இருந்தது.

இளைப்பாறுகிறவர்கள் அசைவதில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. எட்டாம் அறை. ஏழாம் அறை. முதலாம் அறை வரைக்கும். இருட்டில் அவனைச் சுற்றி மூச்சுகள் மட்டும், ஆறி, ஆறி, ஒழுங்காகி.

தொலைபேசி மறுபடி ஒளிர்ந்து, அதிர்ந்து, மேசையிலிருந்து விழுந்தது. நிலத்தில் முகங்குப்புறக் கிடந்து அதிர்ந்தது. நின்றது.

தூரத்தில், முதலாம் அறையின் விளக்கு மீண்டும் எரிந்தது.